கோர்ட்டில் ஏந்திய பிள்ளை

வேன் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே வந்து நின்றபோது புஷ்பம் பீலியடியில் கொட்டுகிற தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரப்பர் பால் வெட்டு இல்லை. வேனிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். முக்காடு போட்ட ஒருத்தி வழி கேட்டபடி முன்னால் வந்தாள். பின்னால் வந்தவளுக்கு நிறமும் முகமும் நம் ஆட்களைப் போலத்தான் இருந்தன. ஆனால் ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடியும், பாசி பிடித்த படியில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்த விதமும் இந்த ஊருக்குப் புதிது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. லயத்துச் சனம் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது.

"புஷ்பம் அக்காட காம்பரா எது?" என்று முக்காட்டுக்காரி கேட்டாள்.

"நான்தாங்க" என்று புஷ்பம் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பின்னால் நின்றவள் அவளையே பார்த்தாள். பிறகு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

முக்காட்டுக்காரியின் பெயர் நுஸ்கா. ஊர் எஹலியகொட. வெளிநாட்டுக்குத் தத்துப் போன பிள்ளைகளுக்குப் பெற்றவர்களைத் தேடிக் கொடுக்கும் ஒரு சங்கத்தில் வேலை செய்கிறாளாம். காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்ததும் கூட வந்தவளைக் காட்டிச் சொன்னாள்.

"இவ நெதர்லாந்துல வளந்தவ, அக்கா. பொறப்புச் சான்றிதழ்ல ஷாமிளா. மூணு மாசக் குழந்தையா இருக்கக்குள்ள கோர்ட்டு மூலமாக் குடுத்திருக்காங்க. குடுத்த தாய்ட பேர் புஷ்பம்."

பையிலிருந்து ஒரு கோப்பு வெளியே வந்தது. புஷ்பத்தின் அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், எல்லாம் சரியாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் தமிழில் ஒரு கையெழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து, 'ஷ்' மட்டும் மற்ற எழுத்தைவிடப் பெரிதாக. இன்றைக்கும் அவள் சம்பளத்துக்குப் போடுகிற அதே கையெழுத்து. அதற்குப் பின்னால் ஒரு கலர் படம் ஒட்டியிருந்தது. கோர்ட்டு மாதிரி ஒரு கட்டிடத்தின் படியில், ரோஸ் நிறச் சேலையில், பத்தொன்பது வயதுப் புஷ்பம் ஒரு குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி.

"இது நான்தான்" என்றாள் புஷ்பம்.

நுஸ்கா இங்கிலீஷில் சொன்னதும் ஷாமிளா கட்டிலை விட்டு இறங்கிச் சீமெந்துத் தரையில் மண்டியிட்டு, புஷ்பத்தின் கையைப் பிடித்தாள். "அம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லைப் பழகிக்கொண்டு வந்திருந்தாள்.

"இல்லம்மா. படத்துல இருக்கிறது நான். ஆனா இந்தப் புள்ள நான் பெத்த புள்ள இல்ல."

நுஸ்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பயப்படாதீங்க அக்கா. எல்லா வீட்டுலயும் முதல்ல இப்பிடித்தான் சொல்லுவாங்க. வேணுமெண்டா நாங்க வெளிய போய்க் கதைப்போம்."

அப்போதுதான் புஷ்பம் வாசலைப் பார்த்தாள். அவள் புருஷன் முத்துவீரன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.  படத்தை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்தப் படம் எடுத்த நாள் புஷ்பத்துக்கு மறக்கவில்லை. ஆனால் அது வேறு ஒரு நாளாகத்தான் அவள் நினைவில் இருந்தது. தோட்டத்தில் எல்லாரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் பிரஜாவுரிமைக்காக அலைந்துகொண்டிருந்த காலம். அம்மாவும் அப்பாவும் இறந்த பிறகு அவளை வளர்த்தது அண்ணன் இராமசாமி. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அப்போது தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். ஒரு நாள் விடிந்ததும், "நல்ல சேலையாக் கட்டிக்க. உன் பிரஜாவுரிமைக்குக் கோர்ட்டுல ஒரு கையெழுத்துப் போடணும்" என்று கூட்டிக்கொண்டு போனார். அவிசாவளை வரைக்கும் பஸ். அங்கே ஒரு வேன் காத்திருந்தது. வேனில் ஒரு கைக்குழந்தை இருந்தது. கோர்ட்டு வாசலில் அண்ணன் சொன்னார்: "இந்தப் புள்ளையோட தாய்க்கு உடம்புக்கு முடியல. கொஞ்ச நேரம் நீ தூக்கி வச்சுக்க. உள்ள ஐயா என்ன கேட்டாலும் 'ஒவ்'னு மட்டும் சொல்லு."

அவளுக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். கோர்ட்டுச் சிங்களம் வேறாக இருந்தது. மூன்று தரம் கேட்டார்கள், மூன்று தரமும் 'ஒவ்', ஆமாம் என்றாள். வெளியே வந்ததும் வெள்ளைக்காரி அழுதுகொண்டே அவளைக் கட்டிப்பிடித்தாள். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. கொஞ்சக் காலத்தில் பிரஜாவுரிமைக் கடதாசி வந்தது. பிறகு அடையாள அட்டையும் வந்தது. அண்ணன் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போனதால்தான் நமக்கு ஊர் என்று ஒன்று கிடைத்தது என்று கலியாணமான பிறகும் அவள் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

நுஸ்காவும் ஷாமிளாவும் அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிப் போனதும், கோப்பின் பிரதியை எடுத்துக்கொண்டு புஷ்பம் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். இராமசாமி இப்போது லயத்தில் இல்லை. பாதையோரமாகத் தனி வீடு. கேட்டில் 'சமாதான நீதவான்' என்று மூன்று பாஷையிலும் பலகை. தோட்டத்தில் யாருக்கு என்ன கடதாசி உறுதிப்படுத்த வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

அண்ணி மீனாம்பாளைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு, இராமசாமி கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதையெல்லாம் இப்ப எதுக்குக் கிண்டுறாங்க" என்றார்.

"அண்ணே, அன்னைக்கு நான் போட்டது எதுக்கான கையெழுத்து?"

"சத்தம் போடாத."

"நான் சத்தம் போடல. எதுக்கான கையெழுத்து?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அந்தக் காலத்துல எனக்குக் கோர்ட்டுல வழக்குப் பேசுற ஒரு பெரக்கிராசியாரோட பழக்கம். நம்ம சனத்தோட பிரஜாவுரிமை வேலையெல்லாம் அவர்தான் பாத்துக் குடுத்தாரு. அவரு இந்தத் தத்து வேலையும் செஞ்சாரு. கலியாணம் ஆகாத பொண்ணு ஒருத்தி வந்து, நான்தான் தாய், மனசாரக் குடுக்கிறேன்னு ஜட்ஜ் முன்னால சொல்லணும்னாரு."

"அதுக்கு அந்தப் புள்ளையப் பெத்தவ இருந்தாளே?"

"அவளுக்கு வயசு பதினஞ்சு. நிவித்திகலப் பக்கத்துல ஒரு கிராமத்துச் சிங்களப் புள்ள. அவ குடுக்க மாட்டேன்னுட்டா. கையெழுத்தும் போட மாட்டேன்னுட்டா. புள்ளைக்கு ஊசி போடணும்னு சொல்லித்தான் ரெண்டு பேரையும் வேன்ல ஏத்திட்டு வந்தாங்க."

புஷ்பத்துக்கு வேனின் பின் சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஒரு பெண் இருந்தாள். குழந்தையை அவள் கையிலிருந்துதான் புஷ்பம் வாங்கினாள்.

"அப்ப என்னோட பிரஜாவுரிமை?"

"அது எல்லாருக்கும் வந்ததுதானே. சட்டத்துல வந்துச்சு. நீ அன்னைக்கு வராட்டியும் வந்திருக்கும்."

மீனாம்பாள் தேத்தண்ணியோடு வந்தாள். புஷ்பம் குடிக்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க வாறாங்க. இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே வந்து சொல்லுங்கண்ணே. உங்க மாப்பிள்ளையும் கேக்கணும். அவரு மூஞ்சியப் பாக்க முடியல."

"வாறேன்" என்றார் இராமசாமி. "நீ போ. நான் பேசிக்கிறேன்."

அந்த ஒரு வாரமும் முத்துவீரன் பால் ஸ்டோருக்குப் போனார், வந்தார். ஒரே ஒரு தரம் கேட்டார்: "என்னைக் கட்டுறதுக்கு முந்தியா?" அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நம்பியதற்கான ஆட்டம் இல்லை அது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகன் சதீஸுக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லியிருந்தார்கள். "எதுன்னாலும் பழைய கதைம்மா, நான் ஒண்ணும் நெனைக்கல" என்றான். அவன் நினைத்துவிட்டான் என்பது அதிலேயே தெரிந்தது. அண்ணன் வந்து சொன்னால் சரியாகிவிடும் என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

ஞாயிறு இராமசாமி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். காம்பராவுக்குள் நுஸ்கா, ஷாமிளா, முத்துவீரன். வாசலில் பக்கத்துக் காம்பரா ஆட்கள் நின்றார்கள். புஷ்பம் அவர்களைப் போகச் சொல்லவில்லை. எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

இராமசாமி உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு முத்துவீரனைப் பார்த்து, "மாப்பிள்ளை, என்னை மன்னிச்சுக்கிடணும்" என்றார். "தாய் தகப்பன் இல்லாத பொண்ணு. பத்தொம்பது வயசுல புத்தி தடுமாறிருச்சு. நான் என்ன செய்வேன்? வெளிய தெரிஞ்சா இவளக் கட்டுறதுக்கு யாரு வருவா? அதனாலதான் நானே கூட்டிட்டுப் போய்க் கோர்ட்டுல முறையாக் குடுத்தேன். இத்தனை வருசம் இதை நெஞ்சுல வச்சுக் காப்பாத்திட்டேன். இனி முடியல."

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

புஷ்பம் அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு நாளைக்கு முன்னால் அதே வாய்தான் நிவித்திகல என்று சொன்னது. நுஸ்கா மெதுவாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனாள். சொல்லி முடிக்கும் முன்பே ஷாமிளா எழுந்து வந்து புஷ்பத்தின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.  தள்ளிவிடவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் புஷ்பம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

இராமசாமி துண்டால் கண்ணைத் துடைத்தார். முத்துவீரன் எழுந்து அவர் கையைப் பிடித்து, "நீங்க என்ன மச்சான் செய்வீங்க" என்றார். இரண்டு ஆண்களும் சேர்ந்தே வெளியே போனார்கள். வாசலில் நின்ற சனம் ஒதுங்கி வழி விட்டது.

புஷ்பம் ஷாமிளாவைக் கட்டிலில் உட்கார வைத்து, நுஸ்காவைக் கேட்டாள்: "ரத்தத்த வச்சு யாரு தாய்னு கண்டுபிடிக்கிறாங்களாமே. அதை எனக்குச் செய்யுங்க."

நுஸ்கா கேட்டுச் சொன்னாள். "அதெல்லாம் தேவையில்ல எண்டு சொல்றா. மாமா சொன்னதே போதுமாம். ஒங்கள வெக்கப்படுத்த விருப்பமில்லயாம்."

"எனக்குத் தேவை" என்றாள் புஷ்பம். "அவகிட்ட சொல்லுங்க, எனக்குத் தேவைன்னு."

நுஸ்கா புஷ்பத்தின் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுத்து ஒரு குழாயில் போட்டு மூடினாள். ஷாமிளாவும் வேண்டாவெறுப்பாக வாயைத் திறந்தாள். முடிவு வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம் ஆகும் என்றாள் நுஸ்கா.

அந்த ஆறு கிழமையும் முத்துவீரன் அவள் சமைத்ததைத் தொடவில்லை. கடையில் பாண் ரொட்டியும் பருப்பும் வாங்கி வந்து, வெளியே உட்கார்ந்து தின்றுவிட்டு வருவார். மலையில் பெண்கள் அவளோடு வழக்கம்போலத்தான் பேசினார்கள். ஆனால் அவள் பக்கத்தில் வந்ததும் பேச்சு மாறும். முப்பத்தைந்து வருசம் வெட்டிய மரங்கள். அந்த மாதம் கத்தி இரண்டு தரம் ஆழமாக இறங்கிக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள்.

நெதர்லாந்துக்குத் திரும்பிப் போன ஷாமிளா ஒவ்வொரு நாளும் போனில் குரல் அனுப்பினாள். யாரிடமோ தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். "அம்மா, சாப்பிட்டீங்களா. அம்மா, இங்க குளிர்." ஒரு நாள் தன் இரண்டு பிள்ளைகளின் படத்தை அனுப்பினாள். புஷ்பம் பதில் போடவில்லை. அழிக்கவும் இல்லை. தன் பெயரைக் காப்பாற்ற அவள் கேட்ட டெஸ்ட், அந்தப் பெண்ணிடமிருந்து எதைப் பறிக்கப் போகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. போனை மூடி வைப்பாள், பிறகு எடுத்து இன்னொரு தரம் கேட்பாள்.

நுஸ்கா தனியாக வந்தாள். முத்துவீரனும் இருந்தார். கடதாசியை விரித்து, "பொருந்தல்ல" என்றாள். "ஒரு துளி உறவும் இல்ல. நீங்க சொன்னதுதான் உண்ம. மன்னிச்சுக்கங்க அக்கா, நானும் நம்பல்ல."

முத்துவீரன் கடதாசியை வாங்கி, புரியாத எழுத்தையெல்லாம் மேலிருந்து கீழே பார்த்தார். அன்றைக்குப் பகலே அடுப்படிக்கு வந்து தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம்தான்" என்றார். "மச்சான் பேச்சு சரியில்லன்னு."

புஷ்பம் சோற்றைப் போட்டாள். "அன்னைக்கு நீங்க அவரு கையத்தான் புடிச்சீங்க" என்றாள். அவர் குனிந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் முன்பிருந்த மாதிரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச அவளுக்கு வரவில்லை.

ஷாமிளாவின் குரல் இரண்டு கிழமை வரவில்லை. வந்தபோது தமிழில் இல்லை. நுஸ்கா கேட்டுவிட்டு, சொல்லத் தயங்கினாள்.

"உள்ளத அப்படியே சொல்லுங்க" என்றாள் புஷ்பம்.

"நீங்க ஜட்ஜ் முன்னால மூணு தரம் 'ஓம்' எண்டு சொன்னீங்களாம். ஒரே ஒரு தரம் 'இல்ல' எண்டு சொல்லியிருந்தா தன்ட உம்மாக்கிட்டயே இருந்திருப்பேனாம். அந்தப் படத்தச் சின்ன வயசுல இருந்து தலகணிக்குக் கீழ வச்சுப் படுத்தாளாம்."

புஷ்பம் கோப்பின் பிரதியை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு, "அண்ணன் சொன்னது எல்லாத்தையும் நான் எழுதிக் குடுக்கிறேன்" என்றாள்.

கேகாலையில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் நுஸ்கா கூட்டிக்கொண்டு போனாள். சட்டத்தரணி முதலிலேயே எச்சரித்தார். பொய்யான ஆள் என்று தெரிந்தால் அந்தத் தத்து உத்தரவே கேள்விக்குள்ளாகும். பொய் சொன்னது ஏன் என்று புஷ்பத்தையும் பொலிஸ் கேட்கும். பத்தொன்பது வயது, பாஷை தெரியாது, ஏமாற்றிக் கூட்டிப் போனார்கள் என்பதையெல்லாம் சொல்லலாம். ஆனாலும் ஒன்றும் நடக்காது என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

"எழுதுங்க மிஸ்" என்றாள் புஷ்பம். இப்போது அவள் சிங்களம் ஊரில் யாருக்கும் குறையாத சிங்களம். ஒரு மணி நேரம் அவளே சொன்னாள். அவிசாவளை, வேன், பின் சீட்டு, நிவித்திகல, அண்ணனின் முழுப் பெயர். சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போடும்முன் முழுவதையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பொலிஸிலிருந்து இராமசாமிக்குக் கடிதம் வந்த மறுநாள் மீனாம்பாள் வந்தாள். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"மதுஷாவுக்குத் தை மாசம் கலியாணம் வச்சிருக்கோம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேள்விப்பட்டுட்டாங்க" என்றாள். மதுஷா அவர்களுடைய கடைசி மகள். "உன்னத் தூக்கி வளத்தவரு அவரு. அந்தக் கடதாசிய வாபஸ் வாங்கிரு. ஞாபகம் இல்லன்னு சொல்லிரு."

"அண்ணி, அன்னைக்கு அவரு என்னைப் பத்திச் சொன்னப்ப உங்களுக்கு உண்மை தெரியுமா?"

மீனாம்பாள் முந்தானை நுனியைத் திருகினாள். "அவரு சொல்லிட்டுத்தான் வந்தாரு" என்றாள். "பலகை போயிரும், மரியாதை போயிரும்னாரு. உனக்கு வயசாயிருச்சு, உன் மகனும் வளந்துட்டான், இனி உன்னை யாரு என்ன கேக்கப் போறான்னாரு."

புஷ்பம் அவளை உட்காரச் சொல்லவில்லை. வாபஸ் வாங்கவும் இல்லை. இராமசாமி பொலிஸில், வயதாகிவிட்டது, ஒன்றும் ஞாபகமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெரக்கிராசியார் செத்துப் பல வருசம். விசாரணை நடக்கிறது என்று சொல்கிறார்கள். நுஸ்கா நிவித்திகலப் பக்கம் மூன்று கிராமம் ஏறி இறங்கிவிட்டாள். இப்போது ஐம்பத்து மூன்று வயதிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி வீட்டு ஆண்கள் இருக்கும்போது எப்படிக் கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு மாலை ஷாமிளா நேராகவே அழைத்தாள். அவளுடைய தமிழ் கொஞ்சம் தேறியிருந்தது. நுஸ்காவும் அதே அழைப்பில் இருந்தாள். ஷாமிளா 'அம்மா' என்று கூப்பிடவில்லை. "புஷ்பம்" என்றாள்.

"அந்தப் பொண்ணு. வேன்ல. எப்படி இருந்தாங்க?"

புஷ்பம் யோசித்தாள். இல்லாததைச் சேர்த்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "ரெட்டைப் பின்னல். கால்ல வெள்ளைச் சப்பாத்து, ஸ்கூலுக்குப் போடுற மாதிரி. மூஞ்சி எனக்குச் சரியா ஞாபகத்துல இல்லம்மா. நான் அவளப் பாக்கல, புள்ளையத்தான் பாத்தேன்."

"ஏதும் சொன்னாங்களா?"

"ஒண்ணு சொன்னா. சிங்களத்துல. 'ஒலுவ அல்லாகன்ன'ன்னு. உன் தலையப் புடிச்சுக்கச் சொன்னா. எனக்குக் கைக்குழந்தையத் தூக்கிப் பழக்கமில்ல. அவளே என் கைய எடுத்து உன் தலைக்குக் கீழ வச்சு விட்டா."



"அழுதாங்களா?"

"அழல" என்றாள் புஷ்பம். அது ஆறுதல் இல்லை என்று தெரிந்தும் சொன்னாள். "ஊசி போட்டுட்டு உன்னத் திருப்பிக் கொண்டாந்து தருவேன்னு என்னை நம்பிக்கிட்டு இருந்தா."